பாங்குச் சத்தத்துக்குக் காதைப் பொத்துவது ஏன்?

சென்ற ஆண்டு ரமலானுக்கு ஒரு மாதம் முன்பு, உதவி கேட்டு வந்த மனு ஒன்றின் பேரில் நம் அறக்கட்டளையிலிருந்து இரண்டு பேர் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். "மகனுக்கு மூன்று வருடமாகச் சரியில்லை. வெளியூர் கூட்டிப்போய் ஓதிப்பார்க்க வேண்டும். செலவுக்கு உதவவும்." மனுவில் இருந்தது இவ்வளவுதான். (குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறோம்.)

பையனுக்கு 24 வயது. டிப்ளமோ முடித்து, வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டும் எடுத்து வைத்திருந்த நேரத்தில் நோய் வந்திருக்கிறது. நாங்கள் போனபோது ஜன்னலைச் சாத்திவிட்டு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஒருமுறை டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். மனச்சிதைவு நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். இரண்டு மாதம் சாப்பிட்டதில் தூங்கிக்கொண்டே இருக்கிறான் என்று நிறுத்திவிட்டார்கள்.

உம்மாதான் பேசினார். "பாங்கு சொன்னாப் போதும் தம்பி, ரெண்டு காதையும் பொத்திக்கிட்டு அலறுறான். பாங்குச் சத்தம் கேட்டா ஓடுறது ஷைத்தான்தானே? ஹஜ்ரத் பயான்ல எத்தனை தடவை சொல்லியிருக்காங்க. அப்ப உள்ளே இருக்கிறது எதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

அந்த வீட்டின் மூன்று வருட முடிவுகள் எல்லாம் இந்த ஒரு காட்சியின் மேல்தான் நின்றிருந்தன. மாத்திரையை நிறுத்தியது, தகடு எடுத்தது, கடன் வாங்கி ஊர் ஊராகப் போனது எல்லாவற்றுக்கும் அதுவே காரணம். நாங்கள் ஒன்றே ஒன்று கேட்டோம். "வேறு எந்தச் சத்தத்துக்காவது இப்படிச் செய்கிறாரா?"

உம்மா யோசித்தார். அடுப்படியிலிருந்த தங்கச்சிதான் பதில் சொன்னது. "மிக்ஸி போட்டாப் பொத்துவான். குக்கர் விசில் வந்தா மாடிக்கு ஓடிடுவான். பக்கத்து வீட்டுல டைல்ஸ் அறுத்தப்ப ரெண்டு நாள் சாப்பிடவே இல்லை." எழுந்து ஜன்னலைத் திறந்து பார்த்தோம். எதிர்க் கம்பத்தில், கை நீட்டினால் தொடும் தூரத்தில் என்று சொல்லலாம், பள்ளிவாசலின் கூம்பு ஸ்பீக்கர் அந்த ஜன்னலைப் பார்த்தே கட்டியிருந்தது. பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது பாங்கு தூரத்தில் கேட்டது. அங்கே பையன் காதைப் பொத்தவில்லை என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஜின்களைப் பற்றிய நம்பிக்கையை விவாதிக்க இக்கட்டுரையை எழுதவில்லை. நோயாளிக்காகத் துஆ செய்வதை யாரும் தடுக்கவும் இல்லை. ஆனால் ஒருவர் காதைப் பொத்துவதை, குளிக்க மறுப்பதை, கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதை நாம் எதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறோம் என்பதில்தான் அவருடைய வாழ்க்கை தங்கியிருக்கிறது. மனச்சிதைவு நோயில் புலன்கள் என்ன ஆகின்றன என்பது நம் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது.

மூளையின் வாசல்காரன்

மனச்சிதைவு என்று தமிழிலும், ஸ்கிசோஃப்ரினியா என்று டாக்டர்களும் சொல்லும் இந்த நோய், உலகில் ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்கும். யாரும் பேசாத குரல் கேட்பது, வீட்டாரையே சந்தேகிப்பது, பேச்சு தொடர்பில்லாமல் போவது, ஒதுங்கிக்கொள்வது ஆகியவை எல்லோரும் அறிந்த அறிகுறிகள். அவ்வளவாகப் பேசப்படாதது ஒன்று உண்டு. கண், காது, மூக்கு, தோல் வழியாக உள்ளே வரும் செய்திகளை மூளை வரிசைப்படுத்தும் வேலையும் இந்த நோயில் பலருக்குத் தடுமாறிப்போகிறது.

இதைப் படித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடம் உங்களைச் சுற்றி என்னென்ன சத்தம் இருக்கிறது என்று கவனியுங்கள். மின்விசிறி ஓடுகிறது, தெருவில் ஆட்டோ போகிறது, பக்கத்து வீட்டில் டிவி பேசுகிறது. சொல்லும்வரை இவை உங்களுக்குக் கேட்கவில்லை. காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இது வேண்டாம், இது பழைய சத்தம் என்று மூளை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. கல்யாண மண்டப வாசலில் நின்று ஆள் பார்த்து உள்ளே விடும் ஒருவரைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இல்லாத மண்டபம் எப்படி இருக்கும்?

நோயின் தொடக்கத்தில் இருந்தவர்களை உட்கார வைத்து, உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று பொறுமையாகக் கேட்ட இருவர் ஸ்காட்லாந்தில் இருந்தார்கள். ஆண்ட்ரூ மெக்கீ, ஜேம்ஸ் சாப்மன் என்று பெயர். 1961-இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. நோயாளிகள் சொன்னதன் சாரம் இதுதான்: சத்தங்கள் எல்லாம் பெரிதாகிவிட்டன, நிறங்கள் கண்ணைக் குத்துகின்றன, முன்னால் ஒருவர் பேசும்போது பின்னால் இருப்பவர்களின் பேச்சும் அதே அளவில் வந்து விழுகிறது, எதைக் கவனிப்பது எதை விடுவது என்று தெரியவில்லை.

இது வெறும் கற்பனை இல்லை என்று பிறகு அளந்தே காட்டினார்கள். அமெரிக்காவில் கொலராடோவைச் சேர்ந்த ராபர்ட் ஃப்ரீட்மனும் அவருடைய குழுவும் 1980-களில் செய்த சோதனை மிக எளிமையானது. தலையில் மின்முனைகளை ஒட்டி, காதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அரை விநாடி கழித்து அதே போல இன்னொரு 'டிக்'. நோயில்லாதவரின் மூளை முதல் சத்தத்துக்குப் பெரிதாகவும், இரண்டாவதற்கு மிகக் குறைவாகவும் அசைந்து கொடுக்கும். அதுதான் கேட்டாயிற்றே என்ற கணக்கு. மனச்சிதைவு உள்ள பலரிடம் இரண்டாவது சத்தத்துக்கும் மூளை ஏறக்குறைய முதலில் போலவே அசைந்தது. இந்த அசைவு, சத்தம் கேட்டு ஒரு விநாடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. அந்த நேரத்துக்குள் யாராலும் நடிக்க முடியாது. அடம் பிடிக்கவும் முடியாது. "வேணும்னே செய்றான்" என்று சொல்லும் வீடுகளில் நாங்கள் முதலில் சொல்வது இந்தச் சோதனையைத்தான். நோயில்லாத நெருங்கிய உறவினர்கள் சிலரிடமும் இதே குறை தெரிந்ததால், இது பிறப்போடு வரும் அமைப்பு என்பதும் புரிந்தது.

இதில் சிகரெட்டுக்கும் ஓர் இடம் உண்டு. புகை பிடித்த சிறிது நேரத்துக்கு அந்த வாசல் காவல் ஓரளவு சரியாவதாக அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். இந்த நோயுள்ளவர்களில் பலர் அளவுக்கு மீறிப் புகைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அதற்காகப் புகைக்கச் சொல்லவில்லை. இந்த நோயாளிகள் மற்றவர்களைவிடப் பல ஆண்டுகள் முன்னதாக மரணிப்பதற்கு இதய நோயும் நுரையீரல் நோயும் முக்கியக் காரணங்கள். ஆனால் க்ளோசபின், ஓலான்சபின் ஆகிய மாத்திரைகளை எடுப்பவர் திடீரென்று புகையை நிறுத்தினால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். ஆகவே நிறுத்தப் போகும்போது டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். நல்ல காரியம்தானே என்று சொல்லாமல் செய்யக் கூடாது.

வந்து சேராத செய்திகள்

எல்லாமே அதிகமாக வந்து மோதுகிறது என்று மட்டும் நினைத்தால் பாதிதான் புரிந்ததாகும். அமெரிக்காவின் கன்சாஸில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டான கட்டானா பிரவுனும் அவருடைய சகாக்களும் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மனச்சிதைவு உள்ளவர்களிடம் இரண்டு போக்குகள் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தெரிந்தன. ஒன்று, புலன்களைத் தொந்தரவு செய்யும் இடங்களை விட்டு விலகிப் போவது. மற்றொன்று, மற்றவர்கள் கவனிக்கும் விஷயங்கள் இவர்களுக்குப் பதியாமலே போவது. ஒரே ஆளிடம் இரண்டும் இருக்கலாம். குக்கர் விசிலுக்கு அலறுகிற அதே பையன், மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பமாட்டான். "வேண்டியது மட்டும் காதுல விழுது" என்று வாப்பா கோபப்படும் இடம் இதுதான்.

குரலின் தொனி விஷயத்தில் இது வீட்டையே பிரித்துவிடுகிறது. இரண்டு இசைச் சுரங்களை அடுத்தடுத்துக் கொடுத்து, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டால் இந்த நோயுள்ள பலருக்குச் சொல்வது கடினமாக இருக்கிறது. ஏற்ற இறக்கத்தைப் பிடிக்க முடியாதவருக்கு, பேச்சில் இருப்பது அன்பா, கிண்டலா, கோபமா என்பதும் பிடிபடாது. "சாப்பிட வர்றியா இல்லையா?" என்று உம்மா அக்கறையாகக் கேட்டது மகனுக்கு மிரட்டலாகக் கேட்கலாம். ஏற்கெனவே சந்தேகம் உள்ள மனதில் அது எங்கே போய் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைச் சொற்களிலேயே சொல்லிவிடுவது நல்லது. "நீ சாப்பிடலைன்னு எனக்குக் கவலையா இருக்கு. கோபம் இல்லை." நம் வீடுகளில் இப்படியெல்லாம் விளக்கிப் பேசும் பழக்கம் இல்லைதான். பழகிக்கொள்ள வேண்டும்.

வலியும் அப்படித்தான். இந்த நோயாளிகளில் பலர் வலியைச் சொல்வதில்லை, சிலருக்கு அது தெரிவதே குறைவு. குடல்வால் வெடிக்கும் நிலை வரை வயிற்றைப் பிடிக்காமல் இருந்தவர்களைப் பற்றி மருத்துவ நூல்களில் உண்டு. சர்க்கரை நோயும் சேர்ந்துவிட்டால் (சில மாத்திரைகளால் அது வரவும் கூடும்) காலில் புண் வைத்தது தெரியாமலே நடப்பார்கள். வாரம் ஒருமுறை பாதத்தையும் பல்லையும் வீட்டில் ஒருவர் பார்த்துவிட வேண்டும். வெயில் காலத்தில் ஸ்வெட்டரோடு திரிபவரைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் சிரிப்பார்கள். அவருக்கு வெப்பம் பதிவதில் குழப்பம் இருக்கலாம். அதோடு இந்த நோய்க்கான மருந்துகளில் பல, வியர்த்து உடம்பைக் குளிர வைக்கும் ஏற்பாட்டையே கெடுக்கின்றன. அக்னி நட்சத்திர நாட்களில் இது உயிருக்கு ஆபத்து. மேல்சட்டையைக் குறைத்து, கேட்காமலே தண்ணீர் கொடுத்து, நிழலில் வைத்திருக்க வேண்டும்.

வாசனையை இனம் காண்பதும் பலருக்குக் குறைந்துவிடுகிறது. தன் உடம்பு வாடை தனக்கே தெரியாதவரிடம் போய் "நாறுது, குளிடா" என்றால் அவமானப்படுத்துவதாகத்தான் தோன்றும். குளிக்க மறுப்பதற்கு ஷவர் தண்ணீர் ஊசி போலக் குத்துவது காரணமாகவும் இருக்கலாம். வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, தானே மொண்டு ஊற்றிக்கொள்ளச் சொன்னதும் குளிக்கத் தொடங்கியவர்களை நாங்கள் அறிவோம்.

இன்னொரு சோதனையையும் சொல்ல வேண்டும். நம்மை நாமே கிச்சுகிச்சு மூட்டினால் கூசாது. இப்போது என் கை தொடப் போகிறது என்று மூளை தனக்குத்தானே முன்கூட்டிச் சொல்லிக்கொள்வதால் அந்தக் கூச்சம் அடங்கிவிடுகிறது. லண்டனில் சாரா ஜேன் பிளேக்மோரும் அவருடைய குழுவும் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், குரல் கேட்கும் நோயாளிகளுக்குத் தன் கை தொட்டதும் பிறர் கை தொட்டதும் ஒரே மாதிரி இருந்தது. 'இது நான் செய்தது' என்ற முத்திரை விழவில்லை. நம் எல்லோருக்கும் மனதுக்குள் ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. அதன் மேலும் அந்த முத்திரை விழாவிட்டால், அது யாரோ பேசுவதாகக் கேட்கும் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் விளக்குகிறார்கள். காதில் ஒருவன் பேசுகிறான் என்று அவர் சொல்வது பொய் இல்லை. அவருக்குக் கேட்கத்தான் செய்கிறது.

என்ன சிகிச்சை?

முதலில் மருந்து. இதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. புலன் சிகிச்சை என்று கீழே சொல்வதெல்லாம் மாத்திரையோடு சேர்த்துச் செய்ய வேண்டியவை. மாத்திரைக்குப் பதிலாக எதுவும் இல்லை. குரலையும் சந்தேகத்தையும் மருந்து நன்றாகக் குறைக்கும். புலன் தொந்தரவு சிலருக்கு அதிலேயே அடங்கும், சிலருக்கு மிச்சமிருக்கும். தூக்கம் அதிகம், உடம்பு கூடுகிறது, ஓரிடத்தில் உட்கார முடியாமல் கால்கள் நடந்துகொண்டே இருக்கின்றன என்றால் டாக்டரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் மருந்தின் விளைவு. அதை நோய் முற்றிவிட்டதாக நினைத்துப் பயப்படுகிறவர்கள் நிறைய.

அடுத்து, காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும். மனநோய் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் அப்புறம் யாரும் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பதில்லை. செவி மந்தமும் கண்ணாடி போடாத கண்ணும் இந்தத் தொல்லைகளைக் கூட்டும்.

பிறகுதான் ஆக்குபேஷனல் தெரபிஸ்டின் வேலை. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுப்பவர் என்று மட்டும் இவரை அறிந்திருக்கிறோம். புலன்கள் செய்தியை ஒருங்கிணைக்கும் விதத்தைப் பற்றி ஜீன் அயர்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி குழந்தைகளிடம் உருவாக்கிய முறையை, 1974-இல் லோர்னா ஜீன் கிங் என்பவர் நெடுங்கால மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார். பந்தாட்டம், ஊஞ்சல், தாளத்தோடு கூடிய உடலசைவு என்று போகும் அந்த முறை. தொடக்கத்தில் எழுந்த பெரிய நம்பிக்கையைப் பின்னால் வந்த ஆய்வுகள் முழுதாக உறுதி செய்யவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். நோயை அது மாற்றிவிடாது. இன்று தெரபிஸ்டுகள் அதிகம் செய்வது வேறு. எந்தப் புலனில் தாங்கவில்லை, எதில் பதியவில்லை என்று கேள்வித்தாள் வைத்து ஒவ்வொருவருக்கும் கண்டறிந்து, அவருடைய நாளையும் இடத்தையும் அதற்கேற்ப மாற்றி அமைக்கிறார்கள். பதற்றம் ஏறும்போது தன்னைத் தணித்துக்கொள்ள எது உதவும் என்று நோயாளியோடு சேர்ந்தே தேடுகிறார்கள். ஒருவருக்கு அது ஆடும் நாற்காலி, இன்னொருவருக்குக் குளிர்ந்த தண்ணீரில் கை நனைப்பது, வேறொருவருக்குக் கனமான போர்வை.

வெளிநாட்டு மனநல மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கென்றே ஒரு அறை வைத்திருக்கிறார்கள். மங்கிய விளக்கு, மெத்தென்ற இருக்கை, மெல்லிய இசை, விருப்பமான வாசனை. கொந்தளிப்பில் இருப்பவரைக் கட்டிப்போடுவதையும் தனியறையில் அடைப்பதையும் குறைக்கவே இந்த ஏற்பாடு. அங்கே போய்வந்தவர்கள் மனம் அடங்கியதாகவே சொல்கிறார்கள். கட்டிப்போடுவது குறைந்ததா என்பதில் ஒரு மருத்துவமனைக்கும் இன்னொன்றுக்கும் முடிவு வேறுபடுகிறது.

இதைப் படித்தபோது எங்களுக்கு எதிர்னே நகரம் நினைவுக்கு வந்தது. துருக்கியில் உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488-இல் அங்கே கட்டி முடித்த பள்ளிவாசல் வளாகத்தில் ஒரு மருத்துவமனையும் உண்டு. நடுக்கூடத்தில் நீரூற்று, மேலே குவிமாடம், சுற்றிலும் நோயாளிகளின் அறைகள். மனநோயாளிகளுக்கு அங்கே வாரம் மூன்று நாள் இசைக் கலைஞர்கள் வந்து வாசித்ததையும், நறுமண மலர்கள் கொடுக்கப்பட்டதையும் 17-ஆம் நூற்றாண்டில் அதைப் பார்த்த பயணி எவ்லியா செலபி எழுதிவைத்திருக்கிறார். இன்று அது மருத்துவ அருங்காட்சியகம். மனநோயாளிக்குத் தண்ணீர்ச் சத்தமும் நிழலும் பூவும் வேண்டும் என்று ஒரு பள்ளிவாசல் வளாகத்தில் யோசித்திருக்கிறார்கள்.

காதைப் பழக்கும் கணினிப் பயிற்சியும் உண்டு. ஒலிகளின் ஏற்ற இறக்கத்தைப் பிரித்தறியும் விளையாட்டு போன்ற பயிற்சி அது. அமெரிக்காவில் 2009-இல் வெளிவந்த ஆய்வில், 50 மணி நேரம் பயின்ற நோயாளிகளுக்குக் கேட்டதை நினைவில் வைக்கும் திறன் கூடியிருந்தது. பிறகு பெரிய அளவில் செய்தபோது பலன் அவ்வளவு தெளிவாக இல்லை. நம் ஊர்களில் இது இன்னும் கைக்கு எட்டும் நிலையிலும் இல்லை.

குரல் கேட்பவர்களுக்கு மிக மலிவான ஓர் உபாயம் இருக்கிறது. தானே மெல்ல முணுமுணுப்பது, எண்ணுவது, வாய்விட்டுப் படிப்பது. நாக்கும் தொண்டையும் வேறு வேலையில் இருக்கும்போது சிலருக்குக் குரல் தணிகிறது. தஸ்பீஹ் எண்ணியபடி இருந்தால் குரல் குறைகிறது என்று எங்களிடம் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு அது திக்ரும் ஆகிறது, மருத்துவமும் ஆகிறது. ஆனால் ஓதினால் குரல் போய்விட வேண்டுமே, ஏன் போகவில்லை, உன் ஈமானில் குறையா என்று யாரும் கேட்டுவிடாதீர்கள். சிலருக்கு அது உதவாது, அவ்வளவுதான். கேட்கும் குரலோடு எப்படி வாழ்வது, அதன் கட்டளைக்கு ஏன் பணிய வேண்டியதில்லை என்று பேசிப் பழக்கும் உளவியல் சிகிச்சையும் இருக்கிறது. குரல் தன்னையோ பிறரையோ தாக்கச் சொன்னால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.

வீட்டிலும் பள்ளிவாசலிலும்

ஆக்குபேஷனல் தெரபிஸ்டு எல்லா ஊரிலும் இல்லை. ஆனால் ஒரு வாரம் நோட்டுப் போட்டு எழுதுவது எல்லா வீட்டிலும் முடியும். எப்போது பதற்றம் வந்தது, அதற்கு முன் என்ன சத்தம், என்ன வெளிச்சம், எத்தனை பேர் இருந்தார்கள், எதைச் செய்ததும் அடங்கியது? இதை எழுதிக்கொண்டுபோய்க் காட்டினால் மனநல மருத்துவருக்கும் அது பெரிய உதவி. நாங்கள் பார்த்தவரை ஒரு வாரத்திலேயே வீட்டாருக்கு ஏதோ ஒன்று புலப்பட்டுவிடுகிறது. விட்டுவிட்டு மினுக்கும் பழைய டியூப் லைட், நாள் முழுக்க ஓடும் டிவி, பாத்திரம் கழுவும் இடத்தை ஒட்டிய படுக்கை.

மிக்ஸி போடும் முன் "போடப் போறேன்" என்று ஒரு சொல் சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தம் எதிர்பாராததைப் போல் தாக்காது. ஒரு நேரத்தில் ஒருவர் பேசுங்கள், முன்னால் வந்து பேசுங்கள், சிறு வாக்கியமாகப் பேசி, பதிலுக்குப் பொறுங்கள். பின்னாலிருந்து தோளைத் தொடாதீர்கள். காதில் பஞ்சோ இயர் பிளக்கோ வைப்பது சந்தைக்கும் பஸ்ஸுக்கும் நல்லது. நாள் முழுவதும் வைத்துக்கொண்டால் அமைதியில் உள்ளே கேட்கும் குரல் சிலருக்குக் கூடிவிடும், ஆள் இன்னும் ஒதுங்கியும் போவார். அதே போல, தொந்தரவு தருகிறது என்று எல்லாவற்றிலிருந்தும் ஒதுக்கி இருட்டறையில் விடுவதும் சிகிச்சை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அவர் தாங்கும் அளவில், வெளியே அழைத்து வர வேண்டும்.

நிக்காஹ் வீட்டில் பந்திக்கு முன்னதாகவே கூட்டிப்போய், மணமக்களைப் பார்க்க வைத்து, கூட்டம் சேருமுன் திரும்பலாம். வரவில்லை என்று சொந்தக்காரர்கள் கோபிக்கவும் வேண்டாம். ஜும்ஆவுக்கு ஸ்பீக்கரும் தலைக்கு மேல் விசிறியும் இல்லாத ஓரத்தில், வாசலை ஒட்டி ஓர் இடம் ஒதுக்கிக் கொடுப்பது எந்த நிர்வாகத்துக்கும் செலவில்லாத உதவி. நடுவில் எழுந்து போனால் முறைத்துப் பார்க்காமல் இருப்பதும் அதில் சேரும்.

நோன்பைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது நாம் அறிந்ததே. நோன்பு வைக்க விரும்பினால் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். லித்தியம் எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் குறைவது நேரடி ஆபத்து. யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிட்டு நோன்பு வைக்க வேண்டாம். தூக்கம் கெடுவதும் சிலருக்கு நோயைத் திருப்பிக் கொண்டுவரும்.

ஏர்வாடியை மறந்துவிட்டு இந்த விஷயத்தைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலை அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். குணமாகும் என்ற நம்பிக்கையில் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்கு இன்று துஆவோடு மருந்தும் சேர்த்துக் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அங்கே போகிறவர்கள் அந்த மருத்துவரையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். டெலிமானஸ் என்ற அரசின் இலவச மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1984 முதல் இயங்கும் ஸ்கார்ஃப் அமைப்பு இந்த நோய்க்கென்றே தொடங்கப்பட்டது. மனநோயும் 2016-ஆம் ஆண்டின் சட்டப்படி மாற்றுத்திறனாளிகள் பட்டியலில் இருப்பதால், நெடுநாள் நோயாளிகள் அதற்கான அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் எழுத வருபவர்களுக்கு நம் அலுவலகத்தில் எழுதித் தருகிறோம்.

அந்த வீட்டுக்கு வருவோம். ஓதிப்பார்க்கக் கேட்ட தொகையை, மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்வரும் செலவாக மாற்றிக் கொடுத்தோம். உம்மாவுக்கு முதலில் சம்மதமில்லை. ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று வாப்பாதான் சொன்னார். டாக்டர் மருந்தை மாற்றிக் கொடுத்தார், பகல் தூக்கம் குறைந்தது. பள்ளிவாசல் முத்தவல்லியிடம் பேசினோம். அடுத்த நாளே மோதினார் ஏணி வைத்து ஏறி ஸ்பீக்கரைத் தெருவின் மறுபக்கம் திருப்பிவிட்டார். இவ்வளவுதானா, மூன்று வருடமாக ஒருவரும் சொல்லவில்லையே என்று முத்தவல்லி எங்களிடம் வருத்தப்பட்டார்.

எல்லாம் சரியாகிவிடவில்லை. குரல் இன்னும் சில நாள் கேட்கிறது. வேலைக்குப் போகவில்லை. இரண்டு மாதம் முன்பு போயிருந்தபோது ஜன்னல் திறந்திருந்தது, மின்விசிறி குறைந்த வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சி சட்னி அரைக்கத் தேங்காயை நறுக்கிப் போட்டுவிட்டு அண்ணனைக் கூப்பிட்டது. அவர் வந்து மிக்ஸியின் மூடியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தானே திருகினார், நிறுத்தினார், மறுபடி திருகினார். "அவன் கையால போட்டாப் பொத்துறதில்லை" என்றது தங்கச்சி.